கரிசக்காட்டுக் கொண்டைக்கடலையில் வேரழுகல்: வறட்சியும் வெயிலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்துவிட்டால் கயத்தாறு, கோவில்பட்டி, குருவிகுளம், மானூர்ப் பக்கத்திலிருந்து வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "நல்லா நின்ன செடி திடீர்னு காயுது" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்படிக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். திருநெல்வேலிச் சீமை என்று நான் சொல்வதில் இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் கரிசலும் அடக்கம். வெறுமனே கடலை என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் கொண்டைக்கடலைதான், நிலக்கடலை இல்லை.

தண்ணியே இல்லாத கரிசக்காட்டுல வேர் எப்படி அழுகும்?

சேற்றில் கிடந்து கொழகொழவென்று அழுகும் அழுகல் இல்லை இது. இங்கே வேர் கறுத்து, உலர்ந்து, சுள்ளி போல் முறிகிறது. அதனால்தான் உலர் வேரழுகல் என்கிறார்கள். காரணம் மேக்ரோபோமினா பேசியோலினா என்ற பூஞ்சாணம். பழைய கையேடுகளில் ரைசோக்டோனியா பட்டாட்டிக்கோலா என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

பல பூஞ்சாணங்கள் ஈரம் கண்டால் கொழுக்கும். இதற்கு 30 முதல் 35 டிகிரி வெப்பமும், காய்ந்துகொண்டே வரும் மண்ணும்தான் தோது. எனவே "இந்த வருஷம் மழை கம்மி, அழுகல் வராது" என்ற கணக்கை இந்த நோய்க்குப் போடாதீர்கள். மழை குறைந்த வருஷம்தான் இதன் வருஷம்.

வாடல் நோய், வேரழுகல், கழுத்தழுகல்... எல்லாம் ஒண்ணுதான? கடைக்காரரு ஒரே மருந்தத்தான் குடுக்காரு.

ஒன்றில்லை. மூன்றுக்கும் காரணமான பூஞ்சாணம் வேறு, வரும் காலம் வேறு, பிடித்த நிலைமை வேறு. ஒரே மருந்து மூன்றையும் பிடிக்கும் என்றால் இந்தப் பக்கத்தையே எழுத வேண்டியிருக்காது.

கழுத்தழுகல் நாற்றுப் பருவத்தில், விதைத்த சில வாரங்களுக்குள் வரும். மண்ணில் ஈரம் அதிகமாகவும் மக்காத குப்பையோ தட்டையோ கிடந்தும் இருந்தால் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் போலப் படர்ந்து, கடுகு மாதிரி உருண்டைகள் ஒட்டியிருக்கும். வாடல் நோய் ஃபியூசேரியம் பூஞ்சாணத்தால் வருவது. நாற்றிலும் வரும், வளர்ந்த செடியிலும் வரும். இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிடும். வேரை வெளியிலிருந்து பார்த்தால் பெரிய குறை தெரியாது. நீளவாக்கில் பிளந்தால்தான் நடுவில் பழுப்பாக, கறுப்பாக ஒரு கோடு ஓடுவது தெரியும்.

உலர் வேரழுகல் பெரும்பாலும் பூவெடுத்த பிறகு, காய் பிடிக்கும்போது முகம் காட்டும். செடி தொங்காது, நின்றபடியே வைக்கோல் நிறத்துக்கு மாறும். ஆணிவேர் கறுத்து, பக்கவேர்கள் எல்லாம் உதிர்ந்து, எலிவால் போல மொட்டையாக நிற்கும்.

பிடுங்கிப் பாத்தேன், பாதி வேருதான் வருது. மீதி மண்ணுக்குள்ளயே நின்னுக்கிடுது. எப்படிப் பாக்கது?

அப்படி முறிவதே ஒரு அடையாளம். நோய் பிடித்த ஆணிவேருக்கு வளையும் குணம் போய்விடும். கையால் இழுக்காமல் களைகொத்தியால் சுற்றிலும் தோண்டி, மண்ணோடு எடுங்கள். தண்டின் அடிப்பகுதியையும் வேரையும் பிளந்து பாருங்கள். உள்ளேயும் பட்டைக்கு அடியிலும் கரித்தூள் தூவியது போல் மிக நுண்ணிய கருந்துகள்கள் இருந்தால் சந்தேகம் வேண்டாம். பூஞ்சாணத்தின் விதை மாதிரியான பகுதி அவை. மண்ணிலும் கட்டையிலும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

முழுக்கக் காய்ந்த செடியை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கிய செடியை எடுப்பது நல்லது. செத்துப் பல நாளான வேரில் வேறு பூஞ்சாணங்களும் குடியேறிக் குழப்பிவிடும்.

வறட்சியில காயுத செடியும் காய்ஞ்சுதான் போவுது. இது நோயா வறட்சியான்னு எப்படித் தெரியும்?

வறட்சி மட்டும் என்றால் காடு முழுக்க, அல்லது மேட்டுப் பகுதி முழுக்க, ஏறக்குறைய ஒரே சீராக வாடும். அடி இலையிலிருந்து மெல்ல மஞ்சளாகி மேலேறும். சாயங்காலம் அல்லது பனி விழுந்த காலையில் கொஞ்சம் தேறும். வேரைத் தோண்டினால் பக்கவேர்கள் இருக்கும், வளைத்தால் வளையும்.

நோய் திட்டுத்திட்டாக வரும். பச்சைச் செடிகளுக்கு நடுவே நாலைந்து வைக்கோல் நிறச் செடிகள், ஒரு வாரத்தில் அந்தத் திட்டு பெரிதாகும். வேர் அடையாளம் மேலே சொன்னதுதான். ஆனால் மாசியில் பெரும்பாலான காடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும். அப்போது "எது காரணம்" என்று பிரிக்க முயல்வதில் பெரிய பயன் இல்லை. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மார்கழி வரைக்கும் பச்சப்பசேல்னு நின்னுச்சு. தையில பூ விட்டதும் ஏன் இப்படி ஆவுது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான், விஷயமும் இதில்தான் இருக்கிறது. பூஞ்சாணம் தையில் வருவதில்லை. செடி சின்னதாக இருக்கும்போதே அது வேரில் நுழைந்திருக்கக்கூடும். மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும்வரை செடியின் எதிர்ப்பு அதை ஓரிடத்தில் கட்டி வைத்திருக்கும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

தையில் மூன்று காரியம் சேர்ந்து நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டதால் கரிசல் சேர்த்து வைத்த ஈரத்தில்தான் செடி நிற்கிறது, அதுவும் மேல்மண்ணில் முதலில் தீர்கிறது. பகல் வெப்பம் ஏறுகிறது. அதே நேரத்தில் பூவும் காயும் செடியின் உணவை இழுக்க, வேருக்குப் போகும் பங்கு குறைகிறது. ஈரம் குறைந்ததும் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் உணவு தயாரிப்பே சுருங்கிவிடும். வறட்சியைத் தாங்க வேர் சேர்த்துவைக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கசிந்தால் அதுவும் பூஞ்சாணத்துக்குத் தீனி. பூஞ்சாணத்தோடு போட்டி போடும் பாக்டீரியாக்களோ காய்ந்த மண்ணில் முடங்கிக் கிடக்கின்றன. மேக்ரோபோமினா மட்டும் அந்த வறண்ட மண்ணிலும் வளர்கிறது.

இதோடு நம் கரிசலுக்கே உள்ள தொந்தரவு ஒன்று. பாளம் பாளமாக வெடிக்கும்போது பக்கவேர்கள் அறுபடுகின்றன, வெடிப்பு வழியாக வெயில் உள்ளே இறங்கி ஆழத்து ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. பக்கவேர் போன செடிக்குத் தண்ணீர் கிடைப்பது இன்னும் குறையும், குறைந்தால் நோய் இன்னும் ஏறும். வறட்சி நோயை வளர்க்க, நோய் வறட்சியை வளர்க்க, இரண்டும் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று தூக்கிவிடும். மாசிக் காட்டில் பிரித்துப் பார்ப்பதில் பயன் இல்லை என்று சொன்னது இதனால்தான்.

வெயில் மட்டும் அடிச்சு, மண்ணுல ஈரம் இருந்தா வருமா?

வரலாம், ஆனால் வேகம் குறையும். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வெப்பத்தையும் மண் ஈரத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்திருக்கிறார்கள். 35 டிகிரி வெப்பமும் குறைந்த ஈரமும் சேர்ந்தபோது நோய் கடுமையாக இருந்தது. வெயிலை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் எந்தத் தேதியில் தீர்கிறது, காய் எந்தத் தேதியில் பிடிக்கிறது என்பதை மட்டும் நம்மால் கொஞ்சம் தள்ளிவைக்க முடியும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் அந்த இரண்டு தேதிகளைப் பற்றியவைதான்.

வெயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் கடலையின் மகரந்தம் கெட்டு, பூ உதிரும், காய் பொக்காகும். வேர் நன்றாக இருந்தும் காய் இல்லை என்றால் அது வேரழுகல் கணக்கில் சேராது. வடநாட்டுக் குளிரில் வளர்ந்து பழகிய பயிர் இது. நம் ஊர் அதற்கு எல்லையில் இருக்கிற ஊர்.

கண்டதும் ஒரு மருந்து அடிச்சா நிக்காதா?

காய்ந்த செடி திரும்பாது. இலையில் தெளிப்பது வேருக்குப் போய்ச் சேராது. திட்டைச் சுற்றியுள்ள செடிகளைக் காப்பாற்ற, லிட்டருக்கு 1 கிராம் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியைக் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றச் சொல்வார்கள். திட்டு சின்னதாக, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் செய்து பார்க்கலாம். கொளுத்தும் வெயிலில் ஏக்கர் கணக்கில் ஊற்றுவதற்கு மருந்துச் செலவு, ஆள் கூலி, தண்ணீர் மூன்றும் ஆகும். மானாவாரிக் கடலைக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் அபிப்பிராயம். அந்தக் காசில் பாதியை விதைப்புக்கு முன்னால் செலவழித்திருக்கலாம்.

அப்போ விதை நேர்த்தி செஞ்சா போதுமா? எத எவ்வளவு?

கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் (அதே வேலையைச் செய்யும் பாக்டீரியா) 10 கிராம். ரசாயனம்தான் என்றால் கிலோவுக்குக் கார்பெண்டாசிம் 2 கிராம். ரசாயனத்தையும் டிரைக்கோடெர்மாவையும் சேர்த்துக் கலக்காதீர்கள், டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தானே, செத்துப்போகும். ரசாயன நேர்த்தி செய்தால் 24 மணி நேரம் கழித்து, ஆறின கஞ்சியில் ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா) கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கவும்.

விதை நேர்த்தி நாற்றைக் காக்கும். தையில் வரும் வேரழுகலுக்கு அது மட்டும் காணாது, ஏனென்றால் விதையைச் சுற்றியிருக்கும் காவல் அவ்வளவு நாள் நீடிக்காது. கூடவே ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா அல்லது சூடோமோனாஸை 20 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடவேண்டும். இதில் பலர் விடும் இடம் ஒன்று: காய்ந்த மண்ணில் தூவினால் பயனில்லை. டிரைக்கோடெர்மாவுக்கு ஈரம் வேண்டும். விதைப்பு மழையின் ஈரத்தோடேயே போட்டால்தான், மண் காய்வதற்குள் அது வேரைச் சுற்றி நிலைகொள்ளும்.

பண்ணைக்குட்டையில கொஞ்சம் தண்ணி கிடக்கு. விடலாமா?

விடலாம், இந்த நோய்க்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் எப்போது என்பதில்தான் எல்லாம். ஒரு தண்ணீருக்குத்தான் வழி என்றால் பூவெடுக்கும் சமயத்தில், மண் பெரிதாக வெடிப்பதற்கு முன்பு விடுங்கள். இரண்டுக்கு வழி இருந்தால் மற்றதைக் காய் திரளும்போது. தெளிப்பு நீராகவோ, மழை போலத் தூவும் ரெயின் கன்னிலோ லேசாக விடுவது நல்லது.

வெடித்த கரிசலில் பாய்ச்சல் தண்ணீர் விட்டால் பாதி வெடிப்புக்குள் போய்விடும், மீதி தேங்கும். கடலைக்குத் தேக்கம் ஆகாது. காய்ந்து தவித்த செடிக்கு உச்சிவெயிலில் தண்ணீரைக் கட்டினால் ஒரே நாளில் பட்டுப்போவதும் உண்டு. குட்டை இல்லாதவர்கள் பூவுக்கு முன்பே ஒரு கொத்து கொத்திவிடுங்கள். களையும் போகும், மேல்மண் புழுதியாகி வெடிப்பை மூடும், ஈரம் சில நாள் கூட நிற்கும்.

உளுந்து, சோளத்த மழைக்கு முந்தியே புழுதியில போடுதோம். கடலையையும் போட்டுரலாமா?

வேண்டாம். புழுதி விதைப்பு கரிசலுக்கு நல்ல வழக்கம்தான், ஆனால் கடலைக்குப் பொருந்தாது. மழை ஓயாமல் பெய்யும் ஐப்பசியில் சூடான ஈரமண்ணில் நாற்று இருந்தால் கழுத்தழுகல் பிடிக்கும். பயந்துகொண்டு மார்கழியில் விதைத்தால் காய் பிடிப்பது மாசி வெயிலில் போய் விழும், அது உலர் வேரழுகலுக்கு நேரே வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. ஐப்பசிப் பெருமழை இறங்கி, மண் ஏர் பிடிக்கும் பதம் வந்ததும், கார்த்திகை முதல் வாரத்துக்குள் முடித்துவிடுவது நம் பக்கத்துக்குச் சரியாக வரும். இந்த ஒரு முடிவு மற்ற எல்லா மருந்தையும்விடப் பெரியது.

நெருக்கி விதைக்கவும் வேண்டாம். வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்ற கணக்கு ஈரத்தைப் பங்கு பிரிப்பதற்கும் சேர்த்துத்தான். கை நிறைய அள்ளி வீசிய காட்டில் ஈரம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வேரழுகலே வராத ரகம் இருக்கா?

இல்லை. பையில் "நோய் எதிர்ப்பு ரகம்" என்று இருந்தால் பெரும்பாலும் வாடல் நோய்க்குத்தான். வாடலுக்கு நிற்கும் ரகம் வேரழுகலில் விழலாம். இந்தியாவில் கடலைச் சாகுபடி வடக்கின் குளிர்ந்த நிலத்திலிருந்து நடு இந்தியாவுக்கும் தெற்குக்கும் நகர்ந்தபோது, அங்கத்து வெயிலில் உலர் வேரழுகல் பெரிய தலைவலியாக மேலே வந்தது.

நமக்கு வேண்டியது நாள் குறைந்த ரகம். 85 நாள் அளவில் முடியும் கோ 4, கொஞ்சம் கூடப்போகும் ஜே.ஜி. 11 போன்றவை வெயிலுக்கு முன் தப்பிக்கப் பார்க்கும். ஜே.ஜி. 14 வெப்பத்தைத் தாங்கும் ரகம், தாமத விதைப்புக்கு என்று சொல்லப்படுவது. வெப்பத்தைத் தாங்கினால் வேரழுகலையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாள் அதிகமாகும் பெரிய வெள்ளைக் கடலையை, விலையைப் பார்த்து, மானாவாரிக் கரிசலில் போடுவதை நான் சொல்லமாட்டேன்.

போன வருஷம் மக்காச்சோளம்தான் போட்டேன். பயிர் மாத்தியாச்சுல்லா, பொறவு எப்படி வந்துச்சு?

இந்தப் பூஞ்சாணம் 500க்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழும். மக்காச்சோளம், சோளம், பருத்தி, எள், சூரியகாந்தி, உளுந்து, பாசிப்பயறு, ஆமணக்கு, நிலக்கடலை என்று நம் கரிசல் பட்டியலே அதில் அடங்கும். சோளத்தில் கதிர் முற்றும்போது வறட்சி வந்தால் தண்டு உள்ளே கறுத்துச் சாயுமே, அதுவும் இதே பூஞ்சாணம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்குப் பின் போடும் உளுந்திலும் இதைப் பார்க்கலாம்.

அதனால் முழுக் காவல் தரும் மாற்றுப் பயிர் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பயறுக்குப் பின் பயறு போடாமல் இருப்பது, நோய் வந்த திட்டின் கட்டை வேர்களைப் பிடுங்கி அகற்றுவது, தொழு உரம் சேர்ப்பது ஆகியவை மண்ணில் கருந்துகள்களின் எண்ணிக்கையை மெதுவாகக் குறைக்கும். வாடல் நோய் அப்படியில்லை, அந்தப் பூஞ்சாணத்துக்குக் கடலைதான் முக்கியம். ஆனாலும் கடலை போடாத மண்ணில்கூட ஆறு வருஷம் வரை கிடக்கும்.

கோடை உழவு போட்டா வெயில்ல பூஞ்சாணம் செத்துரும்லா?

வெயிலை விரும்பும் பூஞ்சாணத்தை வெயிலாலேயே கொல்வது சுலபமில்லை. காய்ந்த மண்ணில் அந்தக் கருந்துகள்கள் சூட்டைத் தாங்கிவிடும். ஈரமான மண் சூடாகும்போதுதான் அவை பலவீனப்படும். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தில் கடுகுக் கழிவை மண்ணில் சேர்த்து, கோடையில் ஒரு தண்ணீர் விட்டு, வெயிலில் விட்டபோது இந்தப் பூஞ்சாணம் நன்றாகக் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். கோடைமழை பெய்த கையோடு உழுவது நமக்கு அதற்குக் கிட்டத்தட்ட வரும்.

கோடை உழவை நான் வலியுறுத்துவது வேறு காரணத்துக்காக. உழுத காடு மழையைக் குடிக்கும். அந்த ஈரம்தான் தையில் கைகொடுக்கும்.

2023 மார்கழியில வெள்ளமே வந்துச்சு. ஈரம் நிறைய இருந்தும் பல காட்டுல செடி போச்சே?

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. கரிசலில் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீரில் வேருக்கு மூச்சு முட்டும், ஈரத்தை விரும்பும் வேறு அழுகல்களும் வரும். அது உலர் வேரழுகல் கணக்கில் வராது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தேக்கத்தில் ஆழத்து வேர்களை இழந்து, மேலாக மட்டும் வேர் விட்டுப் பிழைத்த செடி, தையில் மேல்மண் காய்ந்ததும் முதலில் மாட்டிக்கொள்ளும். மழை மிகுந்த வருஷத்துக்கும் அப்புறம் வரும் வறட்சிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. வரப்பை வெட்டி வடிகால் விடுவதும் வறட்சிக்கான தயாரிப்புதான்.

காடு கால்வாசி போயிருச்சு. அறுத்துரலாமா, இல்ல விட்டுப் பாக்கட்டா?

காயை உடைத்துப் பாருங்கள். பருப்பு திரண்டு கெட்டியாகிவிட்டது என்றால் திட்டை முதலில் அறுத்து எடுத்துவிடுங்கள், நிற்க நிற்க உதிரும். பால் பதத்தில் இருந்தால் காய்ந்த செடியில் அது இனி முற்றாது, அதற்காகக் காத்திருப்பதில் பலன் இல்லை. மற்ற பகுதி பச்சையாக இருந்தால் அது தன் நாளை முடிக்கட்டும்.

திட்டில் அறுத்ததைத் தனியாக அடியுங்கள். சுருங்கிய கடலையை அடுத்த வருஷ விதைக்கு வைக்கவேண்டாம். அந்த இடத்துக் கட்டைகளை வேரோடு பிடுங்கி எரியுங்கள், குப்பைக்குழியில் போட்டால் எருவோடு காடு முழுக்கப் போய்ச் சேரும். திட்டு இருந்த இடத்துக்கு வரப்பில் ஒரு கல்லை ஊன்றி வையுங்கள். அடுத்த விதைப்பில் தொழு உரமும் டிரைக்கோடெர்மாவும் குறைவாகத்தான் கிடைத்தது என்றால், முதலில் போட வேண்டியது அந்த இடத்தில்.